ஊசலும் விரிதாளும்: குழுவாகத் தேடிக் கற்ற ஒரு வகுப்பின் அனுபவம்

கல்லூரி முதலாண்டு இயற்பியல் வகுப்பை நான் எடுக்கத் தொடங்கிய காலத்தில், ஆய்வகம் என்பது விடை தெரிந்த கேள்விக்கு அளவீடு தேடுகிற இடமாகத்தான் இருந்தது. செய்முறை ஏட்டின் முதல் பக்கத்திலேயே சூத்திரம் இருக்கும். கடைசி வரியில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்ற முடிவும் காத்திருக்கும். நடுவில் உள்ள அட்டவணையை அந்த முடிவுக்குப் பொருந்துமாறு நிரப்பத் தெரிந்தவரே நல்ல மாணவர். மதிப்பு சரியாக வராதபோது முந்தைய ஆண்டு ஏட்டைப் பார்த்து எண்களைச் சற்றே நகர்த்துவதை நானும் மாணவியாக இருந்தபோது செய்திருக்கிறேன் என்பதால், பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை மாற்ற வேண்டும் என்று எண்ணித்தான் நால்வர் கொண்ட குழுக்களாக மாணவர்களைப் பிரித்து, சூத்திரத்தைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுக்கும் முறைக்கு வந்தேன். ஆங்கிலத்தில் ‘இன்குயரி-பேஸ்டு லேர்னிங்’ என்று வழங்கும் பெயரைச் சிலர் ‘விசாரணை வழிக் கற்றல்’ என்று தமிழாக்குகிறார்கள். விசாரணை என்றதும் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது என்பதால், நான் ‘தேடிக் கற்றல்’ என்றே வகுப்பில் சொல்கிறேன். முறை ஒன்றும் புதிதல்ல. முதலில் கையால் ஆராய்வது, அதிலிருந்து கருத்தைத் தாமே உருவாக்குவது, பிறகு அக்கருத்தைப் புதிய இடத்தில் பயன்படுத்திப் பார்ப்பது என்ற மூன்று படிச் சுழற்சியை இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் 1960-களிலேயே பள்ளி அறிவியலுக்காக வகுத்தார். 1990-களில் கல்லூரி வேதியியல் வகுப்புகளில் உருவான, ‘போகில்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை, அதே சுழற்சியோடு குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பையும் சேர்த்தது. இவை இரண்டையும் படித்துவிட்டு, நேர்வகுப்பில் இரண்டு பருவங்கள் ஓரளவு நன்றாகவே நடத்தினேன். அதன் பிறகு, கோட்பாட்டு வகுப்பில் பாதியும் குழு வேலை முழுவதும் இணையத்துக்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

நேர்வகுப்பில் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. மேசைகளுக்கு நடுவே நடந்தாலே போதும். எந்தக் குழு பேசுகிறது, எது மௌனமாக இருக்கிறது, யார் கையில் பேனா, யார் சன்னலைப் பார்க்கிறார் என்பதெல்லாம் காதிலும் கண்ணிலும் தானாக விழும். இணையத்தில் பன்னிரண்டு குழுக்களும் பன்னிரண்டு மூடிய அறைகளுக்குள் போய்விடுகின்றன. ஓர் அறைக்குள் நான் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென நின்று, ‘சொல்லுங்க மேடம்’ என்ற குரல் வரும். அந்த நேரத்தில் மற்ற பதினொரு அறைகளிலும் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. முதல் மூன்று வாரங்கள் இப்படியே அறை அறையாக ஓடிவிட்டு, வகுப்பு முடிவில் பன்னிரண்டு அறிக்கைகளை வாங்கிப் பார்த்தால், அவற்றில் முடிவுகள் இருந்தனவே தவிர, முடிவுக்கு வந்த வழி எதிலும் இல்லை.

அப்போது எனக்குத் தேவைப்பட்டது புதிய மென்பொருள் அல்ல. மாணவர்கள் யோசிக்கிறபோதே அந்த யோசனை என் கண்ணில் படுகிற ஓரிடம். நான் கண்ட எளிய வழி இது: வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு பகிர்ந்த ஸ்லைடு கோப்பு, அதில் குழுவுக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கங்களையும் சிறு கட்டங்களாகக் காட்டும் பார்வையில் அதை என் திரையில் திறந்து வைத்தால், பன்னிரண்டு பக்கங்களும் ஒரே நேரத்தில் நிரம்புவது தெரியும். ஐந்தாவது பக்கம் பத்து நிமிடமாக வெறுமையாக இருக்கிறதா, அந்த அறைக்குப் போக வேண்டும். எட்டாவது பக்கத்தில் ஒரு வரைபடம் வரைந்து அழித்து மறுபடி வரைகிறார்களா, அங்கே போகவே கூடாது. மேசைகளுக்கு நடுவே நடப்பதற்கு இது முழு ஈடாகாது என்றாலும், எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதைச் சொல்லிவிடும். தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்திருந்தால் பன்னிரண்டு தாவல்களுக்கு இடையே தாவிக்கொண்டிருப்பதிலேயே பாதி வகுப்பு போயிருக்கும்.

குழுக்களும் ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்க்க முடியும் என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. காப்பியடிப்பார்களே என்று நினைத்தேன். சிலர் அடிக்கவும் செய்தார்கள். ஆனால் அவரவர் அளவீடு அவரவருடையது என்று ஆன பிறகு, பக்கத்துக் குழுவின் பக்கத்தைப் பார்ப்பது திருட்டாக இல்லாமல் ஒப்பீடாக மாறிவிட்டது. பின்னால் நான் சொல்லப் போகிற நிகழ்ச்சி அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன், கணிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேடிக் கற்றலின் உயிர் அதில்தான் இருக்கிறது. நான் முதலில் கெடுத்ததும் அதைத்தான். தனி ஊசலின் அலைவு நேரம், அதாவது ஒரு முறை போய்த் திரும்ப அது எடுக்கும் நேரம், எதைச் சார்ந்தது என்பது கேள்வி: குண்டின் நிறையா, நூலின் நீளமா, ஆடும் வீச்சா? கேள்வித்தாளிலேயே ஃபெட் என்ற இணையத் திட்டத்தின் சிமுலேஷனுக்கான (திரையில் ஓடும் மாதிரிச் சோதனைக்கான) லிங்க்கையும் கொடுத்து, ‘முதலில் உங்கள் கணிப்பை எழுதுங்கள், பிறகு சோதித்துப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஊசல் சிமுலேஷனில் நிறையையும் நீளத்தையும் விரலால் நகர்த்தினால் போதும், விடை கண்முன் ஆடும். விளைவு, எல்லாக் கணிப்புகளும் சரியாக இருந்தன. கனமான குண்டு வேகமாக ஆடும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. நேர்வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பாதிப் பேராவது அப்படித்தான் சொல்வார்கள் என்பதால், இவர்கள் சிமுலேஷனை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கணித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. லிங்க் கண்முன் இருந்தால் யார்தான் அழுத்த மாட்டார்கள்?

அடுத்த முறை லிங்க்கைக் கேள்வித்தாளிலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொருவரும் தனியாக ஓர் இணையப் படிவத்தில் தம் கணிப்பையும் அதற்கான காரணத்தை ஒரு வரியிலும் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியதும் வருகிற ‘உங்கள் பதில் பதிவாகிவிட்டது’ என்ற செய்தியின் இடத்தில் அடுத்த படிக்கான லிங்க்கை வைத்தேன். படிவ அமைப்பில் அந்தச் செய்தியை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலைதான். தனிக் கணிப்பு முடிந்த பிறகே குழு கூடும். கூடியதும் கணிப்புகளில் எங்கே வேறுபடுகிறார்கள் என்று பேசி, குழுவின் கணிப்பை ஸ்லைடில் எழுதும். முதலில் தனியாக ஒரு விடை, பிறகு அருகில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடி விடை என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991 முதல் பெரிய வகுப்புகளில் செய்துவந்த வரிசையும் இதுவே. தனிக் கணிப்பு இல்லாமல் நேரே குழுவுக்குள் போனால், முதலில் வாய் திறப்பவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடுகிறது. இணையத்தில் இது இன்னும் கூடுதலாக நடக்கும். ஒலிவாங்கியை முதலில் திறப்பவர் யாரோ அவரே தலைவர்.

சிமுலேஷன் குறித்து இன்னொன்று. அது தரும் எண்கள் மிகச் சுத்தமானவை. உராய்வு வேண்டாமென்றால் ஊசல் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை அளந்தாலும் அதே விடை. ஒரு விளைவின் போக்கைக் காட்டுவதற்கு அது அருமையானது. வீச்சு 60 பாகைக்குப் போனால் அலைவு நேரம் சுமார் 7 விழுக்காடு கூடுவதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அளவீட்டில் பிழை எப்படிப் புகுகிறது என்பதை அது கற்றுத்தராது. அதனால் கணிப்பு, சிமுலேஷன் இரண்டுக்கும் பிறகு, ஒவ்வொரு குழுவும் தம் இடத்திலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு உண்மையான ஊசல் ஒன்றைக் கட்டி அளக்க வேண்டும் என்று வைத்தேன். நூலும் ஒரு சிறிய பூட்டும் போதும். கைப்பேசியில் நிறுத்து கடிகாரம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் 2 விநாடிக்கு ஒரு மயிரிழை கூடுதல். கைவிரல் தாமதம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஒரே அலைவை அளப்பவருக்குப் பத்து விழுக்காடு பிழை. இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அது அரை விழுக்காடாகச் சுருங்கிவிடும். இதை நான் சொல்லவில்லை. ஒரே அலைவை அளந்த குழுவின் எண்கள் சிதறிக் கிடப்பதையும் இருபதை அளந்த குழுவின் எண்கள் நெருங்கி நிற்பதையும் பொது அட்டவணையில் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016-இல் வெளிவந்த ஃபைஃபாக்ஸ் என்ற செயலி, கைப்பேசியின் உணரிகளை ஆய்வகக் கருவியாக்குகிறது. கைப்பேசியையே குண்டாகத் தொங்கவிட்டால் சுழற்சி உணரியைக் கொண்டு அலைவு நேரத்தை நேரடியாகக் காட்டும். தரவை விரிதாளாகவும் எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் தொடக்கத்திலேயே அதைக் கொடுத்தால் அலைவு நேரம் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டுவிடும். ஏன் இருபது அலைவு என்ற கேள்வியே எழாது. எனவே நிறுத்து கடிகாரத்துக்குப் பிறகே அது வரும். கீழே தலையணை வைத்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கைப்பேசித் திரை உடைந்த பிறகு சேர்த்த அறிவுரை அது.

இனிப் பொது அட்டவணை. பன்னிரண்டு குழுக்கள், குழுவுக்கு ஐந்து நீளங்கள், ஆக அறுபது வரிகள் கொண்ட ஒரே விரிதாள். நூலின் நீளம், இருபது அலைவுக்கான நேரம், அளந்தவர் பெயர், குறிப்பு என்ற நான்கு பத்திகள். முதல் நாளே இரண்டு விபத்துகள். ஒரு குழு நீளத்தைச் சென்டிமீட்டரில் போட்டுவிட்டது; வரைபடத்தில் அவர்களுடைய புள்ளிகள் வானத்துக்குப் போக, மற்ற ஐம்பத்தைந்தும் மூலையில் ஒரு கரும்புள்ளியாக ஒட்டிக்கொண்டன. அது சிரித்து முடிந்தது. இரண்டாவது விபத்து சிரிக்கும்படியாக இல்லை: யாரோ ஒருவர் தம் எண்களை எளிதாகப் பார்க்க நினைத்து, நீளப் பத்தியை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டார். நேரப் பத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. அறுபது வரிகளும் ஒரே நொடியில் பொய்யாயின. அதை உடனே யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை. அரை மணி நேரம் கழித்து ஒரு மாணவி, ‘இருபது சென்டிமீட்டர் ஊசலுக்கு நாற்பது விநாடியா?’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு குழுவும் தன் வரிகளை மட்டுமே மாற்றும்படி பூட்டிவிடுகிறேன். நீளப் பத்தியில் 0.10-க்கும் 1.50-க்கும் இடைப்பட்ட எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாட்டையும் வைத்துவிடுகிறேன். பகிர்ந்த விரிதாளை முதன்முதலாகப் பயன்படுத்துவோர் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த இரண்டையும் செய்துவிட வேண்டும்.

அந்த அட்டவணையில்தான், பூட்டையே குண்டாகத் தொங்கவிட்ட ஏழாவது குழுவின் பூட்டு விவகாரம் நடந்தது. அவர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியே g-ஐ, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, கணக்கிட்டிருந்தார்கள். 20 சென்டிமீட்டருக்கு 8.7; 40-க்கு 9.2, 60-க்கு 9.4, 80-க்கு 9.5, ஒரு மீட்டருக்கு 9.6. நூல் நீள நீளப் புவியீர்ப்பு முடுக்கம் கூடுகிறது! பழைய ஆய்வகமாக இருந்தால் ஐந்துக்கும் சராசரி போட்டு, ‘பிழை: காற்றின் தடை’ என்று எழுதி முடித்திருப்பார்கள். உண்மையில் அவர்களும் ஸ்லைடில் முதலில் எழுதியது காற்றின் தடைதான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குறிப்பு எழுதும் பெட்டியைத் திறந்து, ‘நீளத்தை எங்கே வரை அளந்தீர்கள்?’ என்று தட்டச்சும் செய்துவிட்டேன். பிறகு அழித்துவிட்டு, ‘காற்றின் தடைதான் காரணம் என்றால் எந்தச் சோதனை அதைக் காட்டும்?’ என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள்கள் போயின. குழுவில் ஒருவர் காற்றின் தடையை விட்டுவிட்டு, கைவிரல் தாமதம்தான் காரணம் என்றார். அது மோசமான யோசனை அல்ல. தாமதம் மாறாமல் இருந்தால் குறைந்த நேரம் எடுக்கும் குட்டை ஊசலில்தான் அதன் பாதிப்பு கூடுதலாக இருக்கும். எண்களின் போக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் இருபதுக்குப் பதில் நாற்பது அலைவுகளை அளந்தால் பிழை பாதியாக வேண்டும் என்று அவர்களே கணித்து, அளந்தும் பார்த்தார்கள். 20 சென்டிமீட்டருக்கு நாற்பது அலைவுகள் 38 விநாடி. g மறுபடியும் அதே 8.7. ஆக, தாமதம் காரணம் அல்ல. இந்த வரியை ஸ்லைடில் சிவப்பில் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘இது இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பருவம் முழுவதிலும் நான் கண்ட அறிவியல் வாக்கியங்களில் அதுவே சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

விடையைக் கொடுத்தது மூன்றாவது குழு. அவர்கள் ஒரு சிறு உருண்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். g எல்லா நீளங்களுக்கும் ஒன்றாகவே வந்தது. ஏழாவது குழுவின் மாணவி ஒருவர் அந்தப் பக்கத்தில் போய், அவர்கள் ஊசலின் படத்தைக் கேட்டார். படத்தில் அளவுகோல் உருண்டையின் நடுப்பகுதி வரை நீண்டிருந்தது. இவர்களோ நூலை முடிச்சு வரை மட்டும் அளந்திருந்தார்கள். பூட்டின் உடல் அதற்குக் கீழே தொங்கியது. அடுத்த அரை மணி நேரத்தில் அவர்கள் அலைவு நேரத்தின் வர்க்கமான T²-ஐ நீளத்துக்கு எதிராக வரைந்தார்கள். கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஆதிப்புள்ளியின் வழியே போகாமல் செங்குத்து அச்சில் 0.10-இல் வெட்டியது. சாய்வோ 4.02. அந்தச் சாய்விலிருந்து g-ஐக் கணக்கிட்டால் 9.8! வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் இரண்டரைச் சென்டிமீட்டர். பூட்டை எடுத்து முடிச்சிலிருந்து அதன் நடுப்பகுதி வரை அளந்தால் அதே இரண்டரைச் சென்டிமீட்டர். தவறாக அளந்த நீளத்திலிருந்தே சரியான g-யையும், எவ்வளவு தவறாக அளந்தோம் என்பதையும் ஒருசேர எடுக்க முடியும் என்பதை நான் பத்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் சொல்லிவந்திருக்கிறேன். யாருக்கும் நினைவில் நின்றதில்லை.

இங்கே இணையக் கருவி என்ன செய்தது? ஊசலைக் கட்டவில்லை, கணக்கும் போடவில்லை. ஏழாவது குழுவின் தவறான யோசனைகளை அழியாமல் வைத்திருந்தது. மூன்றாவது குழுவின் பக்கத்தை அவர்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் வைத்திருந்தது. என்னை இரண்டு நாள்கள் தள்ளி நிற்க அனுமதித்தது. நேர்வகுப்பின் இரண்டு மணி நேரத்துக்குள் இது நடந்திருக்காது. மணி அடிப்பதற்குள் நானே விடையைச் சொல்லியிருப்பேன்.

இதே கருவி என்னை ஒருமுறை படுகுழியிலும் தள்ளியது. பகிர்ந்த கோப்புகளில் யார் எப்போது எந்த வரியை எழுதினார் என்ற பதிப்பு வரலாறு இருக்கும். குழுவில் உழைக்காமல் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்பவரைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி என்று நினைத்து, ஒரு குழுவின் வரலாற்றைப் புரட்டினேன். அறிக்கை முழுவதும் ஒரே மாணவியின் நிறத்தில் இருந்தது; ஒரு மாணவரின் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. அவரை அழைத்துக் கடுமையாகவே பேசினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலை அந்த மாணவி எனக்கு எழுதினார்: ‘மேடம், கணக்கு எல்லாம் அவன்தான் போட்டான். அவனிடம் லேப்டாப் இல்லை. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவான், நான் தட்டச்சு செய்வேன்.’ கூடவே ஒன்பது படங்களை இணைத்திருந்தார். பிழைக் கணக்கீட்டை மூன்று வழிகளில் போட்டு இரண்டை அடித்திருந்த தாள்கள் அவை. அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்தப் பருவம் முடியும் வரை அவர் வகுப்பில் பழையபடி பேசவில்லை. பதிப்பு வரலாறு யார் தட்டச்சு செய்தார் என்பதைத்தான் சொல்லும். யார் யோசித்தார் என்பதைச் சொல்லாது. இப்போது அதை மதிப்பெண்ணுக்காகத் திறப்பதே இல்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கருவி வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். லேப்டாப் வைத்திருப்பவரே எப்போதும் பதிவாளர் ஆகிறார். பதிவாளரே மெல்லமெல்லக் குழுவின் முதலாளியும் ஆகிறார். கைப்பேசித் திரையில் விரிதாளைத் திருத்துவது கண்ணைக் கட்டிக் கோலம் போடுவது போன்றது. ஆகவே அளவீடுகளைக் கைப்பேசியில் ஒரு படிவத்தின் வழியே அனுப்பினால் விரிதாளில் தானே வந்து விழும்படி அமைத்தேன். தாளில் எழுதிய கணக்கின் படத்தையும் ஸ்லைடில் அப்படியே ஒட்டலாம், தட்டச்சு செய்யத் தேவையில்லை என்று அறிவித்தேன். கைப்பேசிதான் சிறந்த கருவியாக இருக்கும் வேலைகளை, அதாவது மெதுவான வேகத்தில் காணொளி எடுப்பது, உணரியால் அளப்பது, ஊசலைப் படம் எடுப்பது ஆகியவற்றை, லேப்டாப் இல்லாதவர்களின் கைக்கு மாற்றினேன். கையெழுத்துத் தாள்களின் படங்கள் வந்து விழத் தொடங்கிய பிறகு ஸ்லைடுகள் அழகாக இல்லை; ஆனால் அடித்தல் திருத்தல்களோடு இருப்பதால் எனக்கு அவையே கூடுதல் பயன்.

பொறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலாளர், பதிவாளர், பேச்சாளர், குழு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்துச் சொல்லும் மீள்பார்வையாளர் என்ற நான்கு பொறுப்புகளும் வாரந்தோறும் சுழல வேண்டும். நேர்வகுப்பில் இது சற்றுச் செயற்கையாகத் தோன்றும். இணையத்தில் இது இல்லாவிட்டால் வேலையே நகராது, ஏனெனில் யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்திலேயே ஐந்து நிமிடம் போய்விடும். நால்வருக்கு மேல் வேண்டாம். கயிறு இழுக்கும்போது ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்துகொண்டே போவதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் அளந்து 1913-இல் வெளியிட்டார். ஆறு பேர் கொண்ட இணையக் குழுவை ஒரு வாரம் நடத்திப் பார்த்தவருக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவை இருக்காது.

மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லி இரண்டு குழுக்கள் என்னைக் கேட்டன, சேரவில்லை. ஆசிரியர் இருக்கும் இடத்தில் அரைகுறை யோசனைகள் வெளிவராது. அதற்குப் பதில், அங்கே என்ன பேசினாலும், ‘இன்று என்ன முடிவெடுத்தோம், ஏன், எதை விட்டுவிட்டோம்’ என்ற மூன்று வரிகளை மட்டும் ஸ்லைடின் கீழே எழுதச் சொன்னேன். மூன்றாவது வரிதான் எனக்கு வேண்டியது.

மதிப்பெண்ணில் பாதி குழுவுக்கு, பாதி தனி ஆளுக்கு. தனிப் பாதிக்கு ஒவ்வொருவரோடும் மூன்று நிமிடம் காணொளியில் பேசுகிறேன். கேள்வி அவர்களுடைய வரைபடத்திலிருந்தே வரும்: ‘இந்தப் புள்ளி மட்டும் ஏன் கோட்டை விட்டு விலகி நிற்கிறது?’ உண்மையாகவே அளந்தவர் உடனே சொல்லிவிடுவார். சில சமயம் ‘அன்று மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது மேடம்’ என்பது போன்ற, எந்த அறிக்கையிலும் வராத தகவலோடு. நாற்பத்தெட்டுப் பேருக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பத்தெட்டு நீண்ட அறிக்கைகளைத் திருத்துவதைவிட அது லாபம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்த பிறகு இந்த மூன்று நிமிடத்தின் மதிப்பு கூடியிருக்கிறது. என் பழைய கேள்வித்தாளை அப்படியே ஒட்டினால், அலைவு நேரத்துக்கான சூத்திரத்தையும் விளக்கத்தையும் அது மணிமணியாக எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் ஏழாவது குழு முடிச்சு வரைதான் அளந்தது என்பது அதற்குத் தெரியாது. எனவே கேள்விகளைப் பொதுவாக வைப்பதை விட்டுவிட்டேன். ‘உங்கள் அட்டவணையின் நான்காவது வரி’ என்றுதான் கேள்விகள் தொடங்குகின்றன. உரையாடியைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்வதில்லை. அது சொன்ன காரணத்தைத் தம் எண்களோடு ஒப்பிட்டுச் சோதித்துக் காட்ட வேண்டும் என்கிறேன். இரண்டு குழுக்கள் அதன் விளக்கத்தைச் சோதித்து ‘இது இல்லை’ என்று அடித்திருந்தன.

கருவிகளின் எண்ணிக்கையை இப்போது மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்: படிவம், ஸ்லைடு கோப்பு, விரிதாள். ஆர்வம் மிகுந்த ஒரு பருவத்தில் ஏழு சேவைகளை இழுத்துவிட்டேன். முதல் இரண்டு வாரங்கள் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு உதவுவதிலேயே கழிந்தன. அவற்றில் ஒன்று, நான் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வெண்பலகைப் பக்கங்களோடு பிற்பாடு மூடப்பட்டும் விட்டது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் நாள் முடிந்தபோது அதில் எழுதப்பட்டிருந்த அறிவியல் சிமுலேஷன்கள் எத்தனையோ உலாவியில் ஓடாமல் போயின. ஆகவே கேள்விகளை மட்டும் எந்தச் சேவையையும் நம்பாமல் வெறும் எழுத்துக் கோப்பாகத் தனியே வைத்திருக்கிறேன். கருவி போனால் இன்னொன்று வரும். நல்ல கேள்விக்கு எடுத்துக்கொண்ட மாலை நேரங்கள் திரும்பி வரா.

பூட்டு விவகாரத்துக்குப் பிறகு, பொது அட்டவணையில் ‘நீளத்தை எங்கிருந்து எங்கு வரை அளந்தீர்கள்?’ என்று ஐந்தாவது பத்தி ஒன்றைச் சேர்த்தேன். அடுத்த பருவத்தில் எல்லாக் குழுக்களும் குண்டின் நடுப்பகுதி வரை ஒழுங்காக அளந்தன; எல்லோருக்கும் 9.8 வந்தது, யாரும் யாருடைய பக்கத்துக்கும் போய் எதையும் கேட்கவில்லை. வகுப்பு பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது. இந்தப் பருவம் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நேற்றிரவு பார்த்தபோது இரண்டு குழுக்கள் 20 சென்டிமீட்டர் ஊசலுக்கு 9-க்குக் கீழே g எழுதியிருந்தன. ஒன்றின் கீழே ‘காற்றின் தடை?’ என்று கேள்விக்குறியோடு ஒரு குறிப்பு. நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.